மாதிரி எண் பதினான்கு

ஒன்றை அழுத்தினால் முள்.
சுழியத்தை அழுத்தினால் வெறும் சத்தம்.
ஓசூர் ரோடு, மூன்றாம் மாடி, ஜன்னலில்லாத அறை.
ஒரு காபி ஆறுவதற்குள்
ஐம்பது பக்கம் மூளையைத் தள்ளிவிடுவேன்.

கணினிக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், நானும் ஷைலஜாவும்:
இது கண் சிமிட்டல்.
இது மெல்லுதல், ஆள் கடலை தின்கிறார்.
இது பக்கத்துக் கட்டில்காரரின் சார்ஜர்.
இதோ, இது மட்டும்தான் முள்:
எழுபது மில்லிசெகண்ட், பின்னாலேயே ஒரு சோம்பல் அலை,
பஸ் போனபின் எழும் புழுதி மாதிரி.

எட்டு மாதத்தில் எங்களைவிட வேகமாகிவிட்டது அது.
லிங்கராஜபுரத்து பெனடிக்டுக்கு
நான் இரண்டு முறை தவறவிட்டதை
நெற்றிப்பொட்டுக்குக் கீழே கண்டுபிடித்தது.
சிக்னலில் விழுந்த அன்று யாரோ
கையில் திணித்த சாவிக்கொத்தை
இன்னும் வைத்திருக்கிறான்.
எந்த வீடோ, பூட்டியே கிடக்கிறது.

நோயில்லாத மூளைகளும் வேண்டுமாம் அதற்கு.
நாங்களே தலையைக் கொடுத்தோம்,
பசை, வயர், இருபது நிமிடம்.
பெயர் கிடையாது, எண்தான்.

இன்று பதினான்கு.
பதினோராம் நிமிடம், தாடையோரம் கறுப்பாய் ஒரு அப்பல்:
ஷைலஜா டாக்டர் குரலில் பேசிக்காட்ட
நான் சிரிப்பை அடக்கியது.
எனக்குத் தெரியாதா.

அதற்குப் பிறகு
ஏழு சிவப்புக் கட்டங்கள்.
இடப்பக்கம். ஒரே இடம்.

பெரிதாக்கினேன். மான்டாஜை மாற்றினேன்.
வேறு யாராவது என்றால்
யோசிக்காமல் ஒன்று.

சிலருக்கு இப்படி இருக்கும், முள் வேறு வலிப்பு வேறு,
எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன் இதே வாயால்.
போன மாதம்
பால் பொங்கி அடுப்பணைவதை
பார்த்துக்கொண்டே நின்றேனாம்.
அவர் சொன்னார். களைப்பு என்றேன்.

சுழியத்தின் மேல் விரல்.
நான் பொய் சொன்னால் அதுவும் கற்றுக்கொள்ளும்,
இதே இடத்தில் முள்ளோடு வருகிற யாரையும்
சத்தம் என்று அனுப்பிவிடும்.

ஒன்று. ஒன்று. ஒன்று.
நாலாவது நிஜமாகவே சந்தேகம், சுழியம்.
மிச்சம் மூன்றும் ஒன்று.

ஆறரைக்கு ஸ்கூட்டர் முன் நின்றேன்.
சாவி உள்ளங்கையில் சூடாகிவிட்டது.
கேட்டுக்கு வெளியே பிரேக் விளக்குகள்,
நகராத சிவப்பு.
செக்யூரிட்டி கேட்டார்: ஏன் மேடம், பெட்ரோல் இல்வா?

இருக்கு என்றேன்.
பெண்களுக்கு பஸ் இலவசம்.
ஆதார் அட்டை எந்தப் பையில் என்று
துழாவிக்கொண்டே நடந்தேன்.