முப்பது விநாடிக்கு ஓர் எழுத்து

கணியம்பாடி தாண்டினால் பேருந்தில் நான் ஒருத்திதான்.
கடைசி நிறுத்தம் அமிர்தி.
மடியில் அட்டை, நிறுத்துகடிகாரம்.
காதில் பஞ்சு.

கூண்டு எண் ஏழு. குள்ளநரி, ஆண்.
வயது ஐந்து என்று
மூன்று வருடமாகச் சொல்கிறது பலகை.

முப்பது விநாடிக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து
ஓர் எழுத்து எழுத வேண்டும்.
ப என்றால் படுத்திருக்கிறது.
மு, முகர்கிறது. உ, உண்கிறது.
கா என்றால்
காரணமற்ற அசைவு.

பத்தே நாளில் என் தாளெல்லாம்
காக்கை வந்து உட்கார்ந்ததுபோல்
கா கா கா கா.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து வேலிக் கம்பம்,
கம்பத்தில் இடப்பக்கம் திரும்பி
மறுபடி தொட்டி.
பதினோரு தப்படி. பத்தோ பன்னிரண்டோ இல்லை.
புல் செத்து மண் இறுகிப் போன தடம்
மழை வந்தால் முதலில் அங்கேதான் மின்னும்.

"இன்னாம்மா எய்தறே,
அதுக்கு நட்டு கயண்டுகினு கீது, அவ்ளோதான்"
என்பார் முனிரத்தினம், கறி வாளியை இறக்கிக்கொண்டே.
வாளியின் கைப்பிடி கிறீச்சிடும்.
நரி காதை மடக்கும்.
நான் தோளை.

செவ்வாய்க்கிழமைகளில் நான் மறுபக்கம்.
பாகாயத்தில் ஒரு காந்தக் குழாய்க்குள்
தன்னார்வலர் எண் முப்பத்தொன்று.
என்னைப் போன்ற மூளைகளையும்
மற்ற மூளைகளையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.
(முப்பத்திரண்டாம் வயதில்தான்
ஆட்டிசம் என்று ஒரு மருத்துவர் எழுதினார்.
அதுவரை
ஆளுக்கோர் எழுத்து.)

தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம்.
"தலையை ஆட்டாதீங்க ஹெப்சிபா."
ஆட்டவில்லை.
போர்வைக்குள் கால் பெருவிரல் மட்டும்
பதினொன்று வரை எண்ணித் திரும்பியது.
பிறகு அதையும் நிறுத்தினேன்.
நாக்கை அண்ணத்தில் ஒட்டினேன்.
மூச்சைப் பாதியாக்கினேன்.

வெளியே வந்ததும் அந்தப் பையன் சிரித்தான்:
"இவ்வளவு தெளிவான படம் யாருமே தந்ததில்லை.
நல்லா அமைதியா இருந்தீங்க."
கணினியில் என் பெயருக்கு நேரே ஏதோ குறித்தான்.
என்ன எழுத்து என்று கேட்டேன்.
"சாரி மேடம், சொல்லக்கூடாது."

நானும் நரியிடம் சொன்னதில்லை.

காணும் பொங்கலன்று அமிர்தியில் தலைகள்.
கரும்புச் சக்கை, ஊதல், கைப்பேசி,
கம்பியை வளையலால் தட்டும் ஒருத்தி.
அன்று நரி நடக்கவில்லை.
மூலையில், வாலுக்குள் மூக்கை வைத்து.
ப ப ப ப ப.
மாலை வரை ஒரு கா இல்லை.
"பரவால்லியே, தேறிட்சே" என்றார் முனிரத்தினம்.

மறுநாள் எச்சத்தைக் குப்பியில் அள்ளி
பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து
மடியில் வைத்துக்கொண்டு வேலூர் வந்தேன்.
கார்ட்டிசால்
நடந்த நாட்களைவிட இரண்டரை மடங்கு.

மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.
பிறகு அந்தத் தெளிவான படத்தை நினைத்தேன்.

"ஒரு விலங்கு, ஒரு நாள்.
இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது" என்றார் வழிகாட்டி.
சரிதான். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.
அட்டவணையின் அடிக்குறிப்பில் மட்டும்
காரணமற்ற என்பதை அடித்து
காரணம் தெரியாத என்று எழுதினேன்.
எழுத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை.
கா, கா-தான்.

வியாழனன்று வீட்டிலிருந்து
தேங்காயெண்ணெய் கொண்டுபோனேன்.
வாளிக் கைப்பிடியின் இரண்டு கொக்கியிலும் விட்டேன்.
முனிரத்தினம் ஆட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
கறி சத்தமில்லாமல் வந்தது.
காது மடங்கவில்லை.
தின்றுவிட்டு
நரி நடந்தது, தொட்டியிலிருந்து கம்பம்,
கம்பத்திலிருந்து தொட்டி.

ஐந்து மணிப் பேருந்து ஐந்தரை வரை வரவில்லை.
நிறுத்தத்தில் வேறு யாருமில்லை.
புளியமரத்திலிருந்து மைல்கல் வரை நடந்தேன்,
இடப்பக்கம் திரும்பினேன்,
மறுபடி புளியமரம்.

பதினான்கு தப்படி.
எனக்கு இடம்
கொஞ்சம் அதிகம்.