பதினேழாவது வெள்ளை

வேலையில் எனக்குத் தெரிந்த வெள்ளைகள் பதினாறு.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, ஓர் எண்.
காப்பி குடிப்பவரின் வெள்ளை,
வெற்றிலையை விட்டுவிட்டதாகச் சொல்பவரின் வெள்ளை,
கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஓடி வருபவர்கள் கேட்கிற,
யாருக்கும் பிறவியில் வாய்க்காத வெள்ளை.
திண்டுக்கல்லில், நாகல் நகரில், ஒரு மாடி லேபில்
பீங்கான் மாவைத் தூரிகை நுனியில் தொட்டு
முகம் தெரியாதவர்களுக்குப் பல் செய்கிறேன்.

சனிக்கிழமை ஒன்றரைக்குச் சூளை ஆறும்.
இரண்டு மணிக்கு வத்தலக்குண்டு பஸ்ஸில் இருப்பேன்.
மடியில் அட்டை, பையில் பன்னிரண்டு கலர் டியூப்,
அதே வேலைத் தூரிகை, இரண்டாம் நம்பர்.
அருளப்பன் சாருக்குத் தெரியாது.

டம்டம் பாறை தாண்டியதும் காது அடைக்கும்.
ஊத்தில் யாராவது வாந்தியெடுக்க வண்டி நிற்கும்.
பெருமாள்மலையில் ஸ்வெட்டர்.
ராத்திரி மூஞ்சிக்கல்லில், ஜெஸிந்தாவின் அத்தை வீட்டில்,
மூன்று கம்பளிக்கு அடியில்
நாளைக்கு என்ன வரையலாம் என்று யோசித்தால்
ஒன்றும் வராது.
ஒருநாளும் வந்ததில்லை.

ஞாயிறு காலை பூம்பாறை.
படிப்படியாய் இறங்கும் வயல்கள்,
கேரட், உருளை, நடுவே பூண்டு.
கல்லில் உட்கார்ந்து பச்சையைக் கரைத்தேன்.
பச்சை சுலபம்,
பச்சையை யார் வேண்டுமானாலும் போடலாம்.
அப்போது பள்ளத்திலிருந்து ஏறி வந்தது மஞ்சு.
முதலில் கீழ்ப்படி, பிறகு கேரட்,
பிறகு என் செருப்பு.

பழக்கதோஷம்,
மனதுக்குள் நிறப்பட்டையை விரித்து
ஒவ்வொன்றாய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒன்று மஞ்சளாகத் தோற்றது, ஒன்று சாம்பலாக.
பதினாறும் தோற்றன.
டியூபைப் பிதுக்கி வெள்ளையைப் பூசினேன்.
ஈரக்காற்றில் காகிதம் காயவில்லை;
சுண்ணாம்பாய்த் திரண்டு
வயலுக்குள் வழிந்தது.

"அளக்க வந்தியா?"
தலையில் துண்டு, கையில் களைக்கொத்து. செல்லக்கிளி.
"இல்லக்கா, சும்மா வரையறேன்."
குனிந்து பார்த்தாள்.
படம் நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை.
"இந்த வரப்பு இங்க வராது.
அவன் நாலு விரக்கடை தள்ளிப் போட்டு
ரெண்டு வருசமாச்சு,
நீயும் அவன் பக்கமே போட்டிருக்க."

அவன் யாரென்று கேட்கவில்லை.
அவள் விரல் காட்டிய இடத்துக்கு வரப்பை நகர்த்த,
துணியால் வெள்ளையை ஒற்றி எடுத்தேன்.
ஒற்றின இடத்தில் வெறும் காகிதம்.
அங்கே நின்றுகொண்டிருந்தது மஞ்சு,
நான் ஒன்றும் போடாத இடத்தில்.

பிறகு அரை மணி நேரம்
தொடாமல் இருக்கத்தான் பாடுபட்டேன்.
தகரக் கூரையை விட்டு, கம்பத்தை விட்டு,
பாதி மலையை விட்டு.
சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு
மூச்சு வாங்கியது.

வரப்பு சரியானதற்குக் கூலி,
புகையேறிய ஒரு பூண்டு.
"மலைப்பூண்டு, பல்லு பெருசு" என்றாள்.
சிரித்துவிட்டேன். ஏன் என்றாள், சொன்னேன்.
வாயைத் திறந்து
மேல்வரிசையில் ஒரு காலியிடம் காட்டினாள்.
"இதுக்கு என்ன ஆகும்?"
சொன்னேன்.
"பூண்டு வித்தாத்தான்" என்று
களையெடுக்கப் போய்விட்டாள்.

திங்கள். ஒரு கண்டக்டருக்கு மேல் முன்பல்.
சீட்டில் எழுதியிருந்த எண்ணுக்குத்தான் செய்தேன்,
விளிம்பில் மட்டும் கடைசி அடுக்கைப் போடாமல்,
வெளிச்சம் போய்வர.
அருளப்பன் சார் ஜன்னலில் தூக்கிப் பார்த்தார்.
திருப்பிப் பார்த்தார்.
"உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"
டப்பாவில் வைத்து அனுப்பிவிட்டார்.

படம் சூளை மேல் காய்கிறது, இன்னும் நெளிந்துகொண்டு.
டிராயரில் பூண்டு; லேப் முழுக்க வாசம்.
ஜெஸிந்தா ஃபேனைக் கூட்டி வைத்தாள்.
மதியச் சோற்றுக்கு ஒன்றை உரித்தேன்.
மீதியை எண்ணினேன்.
சனிக்கிழமை வரை
இன்னும் ஐந்து பல்.