எடைமேடைக் கணினி

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில்
அறுபத்திரண்டு கணினிகள்.
நான் வேலைக்கு வந்தபோது
ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு,
கீபோர்டுக்கு அடியில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கும்.
கேட்டில் இருந்ததற்கு வடிவுடையம்மன்.
கேன்டீன் கூப்பன் மெஷினுக்கு
யாரோ ஒருவர் மகளின் பிறந்தநாள்.

எல்லாவற்றையும் பிடுங்கி
ஒரே சர்வரில் நட்டேன்.
ஆளுக்கு ஒரு பெயர், ஒரு சொல்.
எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும்
அவரவர் திரை அவரவருக்கு விரியும்.
"இன்னா மேடம், நம்ம போட்டோ
இங்கயும் வந்துகீது" என்றார் எட்டியப்பன்,
கேரம் கோப்பையோடு தான் நிற்கும் படத்தை
கஸ்டம்ஸ் ரூம் கணினியில் பார்த்து.

ஓரிடத்தில் எழுதினால்
எல்லா இடத்திலும் எழுதியதாகும்.
பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.
அதன் மறுபாதியை
எனக்கேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மார்கழி, வெள்ளி, மாலை ஐந்தே முக்கால்.
மெயில் வந்தது:
ஒப்பந்த ஆட்கள் பத்தொன்பது பேர்,
ஆறு மணியிலிருந்து அனுமதி ரத்து.
அவர்களிடம் யார் சொல்வது என்று
மெயிலில் இல்லை.

பத்தொன்பது பெயரையும் சேர்த்துப் பிடித்து
ஒரே ஒரு முறை அழுத்தினேன்.
ஒவ்வொரு பெயர் மேலும்
கீழ்நோக்கி ஒரு குட்டி அம்பு.
டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.
கணக்குத் தீர்த்து அனுப்புவது என்பார்கள்.
நான் தீர்க்கவில்லை,
மூடினேன்.

பிறகு போன் ஓயவில்லை.
கேட்டிலிருந்து ரெஜினா.
மூன்றாம் கிடங்கிலிருந்து சையத் கவுஸ்:
"கரெக்டாத்தான் போடறேன் மேடம்,
நம்மளத் தெரியாதுங்குது."
தெரியும் கவுஸ், தெரிந்தேதான் மறுக்கிறது
என்று வாய் வரை வந்தது.
சூப்பர்வைசரைப் பாருங்க என்றேன்.

எடைமேடையிலிருந்து மட்டும்
போனே வரவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால்
பெருச்சாளி கடித்த கேபிள்,
உப்புக் காற்றில் பச்சை பூத்த செம்பு.
சர்வரோடு பேச்சற்றுப் போன அந்த ஒரு கணினி
கடைசியாகக் கேட்டதை நம்பிக்கொண்டு
எட்டியப்பனை உள்ளே விட்டிருக்கிறது.
விடிய விடிய லாரிகளை எடை போட்டிருக்கிறார்.
ஐம்பத்து மூன்று சீட்டு.
ஒவ்வொன்றின் அடியிலும் அவர் பெயர்.
அந்த இரவை
யார் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

மப்ளரை அவிழ்த்தபடி சொன்னார்:
"நைட்டெல்லாம் நெட்டு இல்ல மேடம்.
ஆனா பொட்டி ஓடுச்சி.
நான் வேலய நிறுத்தல."

என் கையில் புது கேபிள்.
செருகினால் க்ளிக் என்று ஒரு சத்தம்,
பச்சை விளக்கு,
அப்புறம் சர்வர் சொல்வதைக்
கணினி கேட்டுக்கொள்ளும்.

வெளியே ஹாரன்.
எண்ணூர் பக்கமிருந்து வந்த டிரெய்லர்
மேடையில் ஏறி நின்றது.
"இத்த மட்டும் போட்டுடறேன்."
போடுங்க என்றேன்.
எண்கள் ஆடி ஆடி
நிலைக்கு வரும் வரை
இரண்டு பேரும்
திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.