அரை மாத்திரை

பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் இது ஒன்றுதான் தங்கியது:
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
டாக்டர் மெஹருன்னிசாவும் அப்படித்தான் எழுதினார்.
ராத்திரி சாப்பிட்ட பின் அரை,
ஒரு வாரம் போனதும் ஒன்று.

நான் அழுது சம்பாதிக்கிறவள்.
வடபழனியில் ஒரு சந்து, இரண்டாம் மாடி,
சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை.
தெலுங்கு சீரியலின் மூத்த மருமகள் கண்ணைக் கசக்கும்போது
உதட்டுக்கு உதடு பொருத்தித் தமிழில் தேம்புவேன்.
எபிசோடுக்கு மூன்று தேம்பல், ஒரு அலறல்.
பதினோரு வருஷத்தில்
ஒரு சொட்டு நிஜக் கண்ணீர் செலவானதில்லை.

போன ஆடியில் தலைகீழானது.
மைக் முன்னால் ஒன்றும் வரவில்லை.
வீட்டில், பால் பொங்கி வழிவதைப்
பார்த்துக்கொண்டே நின்றேன்.
அடுப்பை அணைக்கலாம் என்று தோன்றவில்லை.
விடிகாலை மூன்று மணிக்கு
நெஞ்சுக்குள் யாரோ ஷட்டரை இழுத்தார்கள்.
ஈசிஜி எடுத்தோம், தைராய்டு பார்த்தோம்.
எல்லாம் நார்மல் என்பது
நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்குத் தெரிந்தது.

"அப்போ கீழ்ப்பாக்கமா?" என்றான் தயாபரன்.
சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தப்பட்டு,
அவனே வண்டியில் கொண்டுபோய் விட்டான்.
ஒரு பேட்டையின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற ஊர் இது.
அங்கே வீடு பிடிப்பவர்கள்
வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது
என்ன நினைத்துக்கொள்வார்களோ.

கத்தியால் வெட்டினால் சரிபாதி வருவதில்லை.
முதல் வாரம் முழுக்க
ஒரு நாள் கொஞ்சம் கூட, மறுநாள் கொஞ்சம் குறைய.
கால்சியம் டப்பாவில் போட்டு வைத்தேன்.
நாத்தனார் கேட்டால் எலும்புக்கு.

குமட்டும், கொட்டாவி வரும்,
குறைவதற்கு முன் பயம் ஒரு சுற்று கூடும்,
வாய் காயும்.
டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார், காதில் ஏறவில்லை.
என் தொழிலுக்கு வாய்தான் கடை.
அண்ணத்தில் நாக்கு ஒட்டிப் பிரிவது
மைக்குக்கு வெடி மாதிரி கேட்கும்.
"ஒன் மோர் மேடம், வாய்ச் சத்தம் வருது."
கண்ணாடிக்கு அப்பாலிருந்து எட்வின்
பதினாலு முறை சொன்னான் அன்றைக்கு.

ஒரு மாசம் கழித்து நானாகவே நிறுத்தினேன்.
நாலு நாள்.
தலைக்குள் ட்யூப்லைட் ஸ்டார்ட்டர்
படக் படக்கென்று,
விளக்கு மட்டும் எரியாமல்.

ஐந்தாம் நாள் ஆற்காடு சாலை மெடிக்கலில்
சீட்டை நீட்டினால், பக்கத்தில் எட்வின்.
கையில் அதே அட்டை,
என்னுடையதைவிட மில்லிகிராம் கூட.
இருவரும் இருமல் மருந்து விளம்பரத்தை
ரொம்ப நேரம் படித்தோம்.

மறுநாள் மைக் பக்கத்தில் ஒரு பொட்டலம் கல்கண்டு.
"கன்னத்துல அடக்கிக்கோங்க.
எனக்கு மூணு மாசம் பிடிச்சுது."
அவ்வளவுதான். டேக் நம்பருக்குப் போய்விட்டான்.

எந்தத் தேதியில் மருந்து வேலை செய்தது? தெரியாது.
கார்த்திகை மழையில், பவர் ஹவுஸ் நிறுத்தத்தில்,
கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு
ஆட்டோக்காரரோடு சண்டை போட்டேன், இருபது ரூபாய்க்கு.
குடை மடங்கியது. குரல் உடையவில்லை.
வீட்டுக்கு வந்து பால் வைத்தபோதுதான் உறைத்தது.
இருபது ரூபாய் எனக்கு வேண்டியிருக்கிறது.
எனக்கு ஏதோ ஒன்று
வேண்டியிருக்கிறது.
பால் பொங்குவதற்குள் அணைத்தேன்.

டாக்டரிடம் அந்தச் சண்டையைத்தான் சொன்னேன்.
சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

உடம்புக்கும் மெய், உண்மைக்கும் மெய்.
அதற்கு அரை போதும் என்று வகுத்தவர்கள்
என்னைப் பார்க்காமல் எழுதிய சீட்டு அது.
எனக்கு இப்போது ஒன்று.
ஆறு மாசம் போகட்டும், பார்க்கலாம் என்கிறார்.
டப்பாவில் இன்னும் கால்சியம் என்றே இருக்கிறது.

நாளைக்கு மூத்த மருமகள் சிரிக்கிற காட்சியாம்.
எட்வின் போன் செய்தான்:
கல்கண்டு தீர்ந்துபோச்சு,
வரும்போது வாங்கிட்டு வாங்க.