நிழல் எந்தப் பக்கம்

தரம் பத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு என்றதும்
அதிபர் "போன் பிள்ளைகளைக் கெடுக்கும்" என்றார்,
தன்னுடையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே.
மூன்று வாரம் அலைந்த பிறகு கையெழுத்து கிடைத்தது,
இரவு ஒன்பதுக்குப் பிறகு ஒருவரும் எழுதக் கூடாது
என்ற நிபந்தனையோடு.

பெயரை அவர்களே வைத்தார்கள்: "எட்டரைப் பாகை."
உப்புவெளி அதற்குக் கொஞ்சம் வடக்கே.
நான் திருத்தவில்லை.

முதல் மாதம் முழுக்க ரோசாப்பூ, காலை வணக்கம்,
யாருடையதோ பிறந்தநாள் கேக்.
பிறகொரு நாள் அஸ்மிலா
கடற்கரையில் ஒரு கல்லைப் படமெடுத்துப் போட்டாள்.
"நேற்று இது மண்ணுக்குள்ள இருந்தது.
மண் எங்க போச்சு?"
பத்தொன்பது பதில்கள். ஒருவன் எழுதினான்:
"எங்கட மாமாவின்ட டிப்பருக்குள்ள."
சிரித்தோம். பிறகு அலையைப் பற்றிப் பேசினோம்,
பிறகு டிப்பரைப் பற்றியும்.

கபிசனுக்குப் போன் இல்லை.
அப்பாவின் ஓட்டோ வீடு திரும்பினால்தான்
அவன் குழுவுக்குள் வருவான்.
எட்டு ஐம்பதுக்கு,
ஐந்து கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில்.

அந்தத் திங்கட்கிழமை
கரும்பலகையில் எழுதியிருந்தேன்:
படம் வந்தால் கேள்.
யார் எடுத்தது? எப்போது? எங்கே?

வியாழன் பொழுது சாயும் நேரம்
அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது.
வற்றிய கடல், சேற்றில் சரிந்த வள்ளங்கள்.
"உப்புவெளி. இப்ப, பின்னேரம் அஞ்சு மணி.
எல்லாருக்கும் அனுப்புங்க."

அனுப்பினேன்.
நான்தான். புவியியல் டீச்சர்.
கை முந்திவிட்டது.

"யார் எடுத்தது, மிஸ்?" அஸ்மிலா.
ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
நப்ரிஸ் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பக்கத்தைத் தேடிப் போட்டான்:
எச்சரிக்கை எதுவும் இல்லை.
வெளியே வீதியெல்லாம் ஹோர்ன் சத்தம்.
நான் திண்ணையுமற்ற வாடகை அறையில்
சாவியைக் கையில் வைத்தபடி நின்றேன்.

ஒன்பது பன்னிரண்டுக்குக் கபிசன் வந்தான்.
"மன்னிக்கணும் மிஸ், நேரம் பிந்திட்டு.
அப்பா ஆக்களைக் கன்னியாப் பக்கம் ஏத்தி இறக்கினவர்,
காசு வாங்கேல்ல, இப்பதான் வந்தவர்.
மிஸ், வள்ளத்தின்ட நிழலைப் பாருங்க.
தென்னைப் பக்கமா விழுது.
பின்னேரம் எங்களுக்கு வெயில் முதுகுப் பக்கம்,
நிழல் கடலுக்குள்ள போகணும்.
இது எங்கட கடல் இல்ல.
இல்லாட்டி எங்கட பின்னேரம் இல்ல."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
எத்தனை வருடம் பூமி சுழல்வதைப்
பந்தும் டோர்ச்சும் வைத்துக் காட்டியிருப்பேன்.

"என் பிழை" என்று எழுதினேன்.
அனுப்பிய படத்தை அழிக்கவில்லை,
பாடமும் அதோடு போய்விடும்.

கட்டைவிரல்கள், கைதட்டல்கள் வந்து குவிந்தன.
நடுவில் டிலுக்சிகாவின் குரல்பதிவு,
பின்னால் ஒரு குழந்தை அழுகிறது:
"நாங்க இன்னும் ரோட்டிலதான் மிஸ்.
நிழல் கதைய அம்மாட்டச் சொன்னன்.
ரெண்டாயிரத்து நாலில அவக்குப் பதினாறு வயசு.
நிழல் பார்த்து நிண்டிருந்தா
நீ பிறந்திருக்க மாட்டாய் எண்டுறா."

குழு அமைதியானது.
தட்டச்சு செய்கிறார் என்று கபிசனின் பெயர் தெரிந்தது,
மறைந்தது, திரும்பத் தெரிந்தது.
கடைசியில்,
"அம்மா சொல்றதும் சரி."

வெள்ளி காலை
என் மூன்று கேள்விகளுக்கும் மேலே
எட்டாத உயரத்தில், கதிரையில் ஏறி
யாரோ எழுதியிருந்தார்கள்:
முதல் மேட்டுக்கு ஏறு. ஏறிக்கொண்டே கேள்.

எழுத்துச் சாய்வு தெரிந்ததுதான்.
கேட்கவில்லை.
இடைவேளையில் அதிபர் வாசலுக்கு வந்து
நெடுநேரம் பலகையையே பார்த்தார்.
"நானும் நாற்பது பேருக்கு அனுப்பினனான்" என்றார் மெதுவாக.
"அந்த ஒன்பது மணிக் கதைய
விடுங்கோ."