ராணிக்கு இடுப்பு வைத்தவர்கள்

மேஸ்திரி கொண்டுவந்த படத்தில்
ராணிக்கு இடுப்பே இல்லை.
இரண்டு கை வளைத்தால் அடங்கிவிடும்
ஒரு குறுகலை வரைந்து
பக்கத்தில் அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது:
முள்ளங்கி, வெள்ளை, ஒரே அளவு.

மூங்கில் கட்டிய ஆண்களுக்கு நாளுக்கு அறுநூறு.
காய் குத்திய எங்களுக்கு முந்நூற்றைம்பது.
எட்டுப் பேர். பல்குச்சி ஒன்பதாயிரம்.
கோத்தகிரிப் பூங்காவின் தார்ப்பாயில்
மே மாத மழை விழுந்துகொண்டே இருந்தது.
விடிந்தால் காய்கறிக் கண்காட்சி,
விடிவதற்குள் அவள் எழுந்து நிற்க வேண்டும்.

கட்டபெட்டு மாதிதான் முதலில் கேட்டாள்:
இந்த இடுப்பை வைத்துக்கொண்டு
இவள் ஒரு குடம் தூக்குவாளா?
ஜெசிந்தா சிரித்த சிரிப்பில்
வாயில் கவ்வியிருந்த பல்குச்சிகள் சிதறின.

மேஸ்திரி டீ குடிக்கப் போன அரைமணியில்
கம்பியை நெகிழ்த்தி
வைக்கோல் திணித்தோம்.
ஒரு சுற்று. போதாமல் இன்னொரு சுற்று.
முள்ளங்கி தீர்ந்ததும் நூக்கல் வைத்தோம்.
மூன்று பெற்ற இடுப்பு வந்துவிட்டது.

இலைமூட்டை சுமந்த தோள்
ஒரு பக்கம் இறங்கியிருக்கும் என்று
சிவனம்மா ஸ்வெட்டரை விலக்கிக் காட்டினாள்.
அதே அளவுக்கு இறக்கினோம்.

கன்னத்துக்கு பீட்ரூட்.
ஒரு கன்னம் மட்டும் சிவந்திருந்தால்
பார்க்கிறவர்கள் ஏதாவது கேட்பார்கள் என்று
ஷாகிதா இரண்டு பக்கமும் அளந்து அளந்து வைத்தாள்.
நாங்கள் அவளை ஒன்றும் கேட்கவில்லை.
மாதி மட்டும்
தன் டம்ளர் டீயை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வாளுக்குப் புடலங்காய்.
நேரான புடலங்காய் மூட்டையிலேயே இல்லை.
வளைந்ததைக் கையில் கொடுத்ததும்
அரிவாள் பிடித்தவளைப்போல் நின்றாள்.
இருக்கட்டும் என்றோம்.

மூன்று நாள் ஆட்சி.
காரில் வந்தவர்கள் வரிசையில் நின்று
அவளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.
ராஜா எங்கேம்மா, என்றார் ஒருவர்.
பெருக்கிக்கொண்டிருந்த சிவனம்மா நிமிராமல்,
இந்த வருஷம் வரத்து இல்லைங்க, என்றாள்.
மேஸ்திரி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
இடுப்பு இப்படியா இருந்துச்சு?
மழையில ஊறிடுச்சுங்க.

மூன்றாம் நாள் இரவு
முட்டைகோஸ் பாவாடை நாற ஆரம்பித்தது.
பிரித்துக் குப்பையில் போடணும்,
நல்லதாக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு.
தலையிலிருந்துதான் தொடங்கினோம்,
அப்படித்தான் மரியாதை என்று தோன்றியது.

பத்து கேரட் விரலும் ஜெசிந்தாவின் பிள்ளைகளுக்கு.
பாவாடை, மாதி வீட்டு எருமைக்கு.
கன்னங்கள் இரண்டையும்
ஷாகிதா கேட்டு வாங்கிக்கொண்டாள்.
எனக்கு இடுப்பில் பாதி,
குழம்புக்கு இரண்டு வேளை வரும்.
வாளை யாரும் கேட்காததால் அதையும் மாதியே
தலைத்துணியில் சுருட்டிக்கொண்டாள்.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில்
அவள் விரல்கள் அரவேணுவுக்கு இறங்கிப் போயின.
ஊட்டி பஸ்ஸில் கட்டபெட்டுக்கு ஏறிப் போனது பாவாடை.
நான் மஞ்சுக்குள் நடந்தே போனேன்,
கட்டைப்பையில் நூக்கல்கள்
ஒன்றோடொன்று இடித்துப் பேசிக்கொண்டே வந்தன.

திங்கட்கிழமை கூலியில்
ஆளுக்கு ஐம்பது குறைந்திருந்தது.
காய் கூடுதலாகச் செலவாகிவிட்டதாம்,
இடுப்புக்கு.

அந்த அறையின் கதவு
ஒருவர் நுழையும் அகலம்தான்.
எட்டுப் பேரும் போய் நின்றோம்.
சத்தம் போடவில்லை. வழியும் விடவில்லை.
சிவனம்மாவின் இறங்கிய தோள்
நிலையில் சாய்ந்திருந்தது.
ஷாகிதா எல்லோருக்கும் முன்னால்.

மேஸ்திரி எங்கள் கைகளைப் பார்த்தார்.
பிறகு பணத்தை எடுத்து
மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

கைகளில் ஒன்றுமில்லை.
வாளைத்தான்
காலையிலேயே மாதி
பொரியல் செய்துவிட்டாளே.