ஏழு நிமிடக் கைமாற்று

சொல்லிவிட்டுக் கரண்ட் எடுப்பது ஒரு வகை.
மாதத்தில் ஒரு நாள், ஒன்பது முதல் இரண்டு வரை,
புதுவயல் என்று பேப்பரில் ஊர்ப்பெயரோடு வரும்.
அன்றைக்கு மெஷினுக்கு எண்ணெய் மாற்றுவோம்,
இரும்புச் சுருளை வாரிச் சாக்கில் கட்டுவோம்.
இருதயராணி லீவு கேட்பாள். கொடுத்துவிடுவேன்.

சொல்லாமல் போவதுதான் கணக்கில் அடங்காது.
அதிலும் முழுதாகப் போகாமல்
ஒரு தரம் போய் உடனே வந்துவிடுமே, அது.
டியூப் லைட்டுக்கு வெறும் சிமிட்டல்.
மெஷினுக்குத்
தான் நின்ற இடமே மறந்துபோகும்.

போன ஆனியில் அப்படித்தான்.
அரிசி ஆலை ஒன்றின் பம்பு விசிறி,
துருப்பிடிக்காத எஃகு,
பதினோரு மணிநேர வேலையில் ஒன்பது முடிந்திருந்தது.
கட்டர் இரண்டு மில்லி உள்ளே இறங்கியிருந்த நேரம்
சாக்கோட்டைப் பக்கம் ஒரு மயில்
ட்ரான்ஸ்பார்மர் மேல் வந்து உட்கார்ந்ததாம்.
பிரேக் பிடிக்குமுன்
மெஷினின் தலை ஒரு மயிரிழை தொங்கியது.
டக்.
கட்டர் நாலாயிரத்து இருநூறு.
எஃகுக் கட்டி அதைப்போல் மூன்று பங்கு.
ஆலைக்காரர் திட்டவில்லை.
அடுத்த வேலையைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்.

மயிலிடம் போய் யார் நஷ்டம் கேட்பது?

பிறகுதான் அந்தச் சாம்பல் அலமாரி வந்தது.
நான்கு தட்டு, இருபது பேட்டரி,
ராத்திரி பகல் ஓயாமல் மூச்சு விடும் ஒரு விசிறி,
முப்பத்தாறு தவணை.
பொருத்த வந்த ஜெகுபரிடம் கேட்டேன்,
எத்தனை மணிநேரம் தாங்கும்?
"மணியா? ஏழு நிமிஷம்."
ஏழு நிமிஷத்தில் எந்த வேலையை முடிக்கிறது?
"முடிக்கிறதுக்கு இல்லை.
மரியாதையா நிறுத்துறதுக்கு."

சீட்டு இல்லாமல், சாட்சி இல்லாமல், வட்டி இல்லாமல்
சாயங்காலம் ஒருவர் கையிலிருந்து
இன்னொருவர் கைக்குப் போகும் பணத்துக்கு
இந்தப் பக்கம் கைமாற்று என்று பெயர்.
அதை வைத்து யாரும் வீடு கட்டியதில்லை.
வாசலில் வந்து நிற்பவன்முன்
முகம் கறுக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது கரண்ட் போனால்
பீப் பீப் என்று அலமாரி கூப்பிடும்.
இருதயராணி ஓடமாட்டாள்.
பொத்தானை அழுத்துவாள், கட்டர் மேலே வரும்,
ஸ்பிண்டில் தானாகச் சுழன்று ஓயும்.
சாக்பீஸால் கதவில் எழுதுவாள்:
நாலாயிரத்து நூற்றெண்பதாவது வரி.
அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர்.

அந்த ஜெனரேட்டரை, உண்மையைச் சொன்னால்,
நான் நேராகவே போர்டில் கொடுக்கப் பார்த்தேன்.
நடுவில் வைக்கும் கைப்பிடி சுவிட்ச் பன்னிரண்டாயிரம்.
ஜெகுபர் ஒன்றும் பேசாமல் வயரைச் சுருட்டினார்,
டீ குடிக்கப் போனார்,
சுவிட்ச் வாங்கிவிட்டேன் என்று போன் செய்யும்வரை
திரும்பி வரவில்லை.

ஐப்பசி. விடாத மழை.
வேப்பங்கிளை ஒன்று லைன்மேல் கிடந்தது.
லைன்மேன் சாத்தையா கேட்டில் நின்றார்,
ஒரு கையுறையில் பெருவிரல் கிழிந்திருந்தது.
"ஜெனரேட்டர் ஓடுதா?"
ஓடுது.
"கைப்பிடியைக் காட்டுங்க."

பார்த்தார். பார்த்தது போதாமல் தொட்டார்.
மேல்பக்கம் சாய்ந்திருந்த கைப்பிடியை
இழுத்தும் பார்த்தார்.
பைக் பெட்டியில் தொங்கிய சின்னப் பூட்டைக் கழற்றிவந்து
அதில் மாட்டி
சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
கம்பம் ஏறினார்.

உள்ளே மெஷின்
நாலாயிரத்து நூற்றெண்பதாவது வரியைப் பிடித்துக்கொண்டது.
நான் ஜன்னலில் நின்றேன்.
என் கரண்ட் இங்கே ஓடுகிறது.
அங்கே கம்பியில் அவர் கை.
நடுவில் ஒரு பூட்டு.
பன்னிரண்டாயிரத்தில்
எதை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன்?

இறங்கி வந்து பூட்டைக் கழற்றினார்,
டீ வேண்டாம் என்றார், அடுத்த தெரு இருட்டு என்றார்.
விசிறி எட்டு மைக்ரான் விலகலில் தேறியது.
இருதயராணி அதையும் கதவில் எழுதினாள்.

மறுநாள் நாங்களே ஒரு பூட்டு வாங்கினோம்.
கடைக்காரர் மூன்று சாவி கொடுத்தார்.
இரண்டை உருக்கிவிட்டோம்.